சலங்கை இல்லாத ஹெட்போன்கள்

எங்கள் வீட்டுக் குசினி மேசையில் ஒரு முழுப் பூசணிக்காய் கிழமைக் கணக்காகப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. தம்பலகாமத்திலிருந்து வந்த நல்ல காய், கறிக்கென்று நான் வாங்கியது. என் கணவர் புதிதாக வந்த ஹெட்போன் ஒன்றை அதில் மாட்டி, வயரைச் செருகி, ஓயாமல் ஓடவிட்டிருந்தார். புதுச் சாமானை இப்படி ஓடவிட்டுப் பழக்கினால்தான் சத்தம் கனியுமாம். மனிதத் தலையளவில் வீட்டில் வேறு பொருள் இல்லையாம். "கறிக்கு வேணும், கழட்டுங்கோ" என்று கேட்டேன். "இன்னும் இறுக்கம் விடேல்ல. நாளைக்குப் பாப்பம்" என்றார். அன்றைக்கும் பருப்புத்தான் காய்ச்சினேன்.

இவர் துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சின் அறையில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். உழைத்த காலம் முழுக்க இரைச்சலுக்குள் இருந்த மனிதர், வீட்டோடு வந்ததும் சத்தத்தின் சுத்தத்தை ஆராயப் புறப்பட்டுவிட்டார். கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் கிண்ணியாவில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம் பழைய ஒலிச்சாமான்களையும் தேடிப்பிடித்துக் கொண்டுவருவார். முஸ்லிம் வழக்கில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எங்களுக்கு அவர் நானா. மற்றவர் வங்கியில் மனேஜராக இருந்தவர், யார் எதைச் சொன்னாலும் ஆமோதிக்கிறவர். சனிக்கிழமை பின்னேரங்களில் அன்புவழிபுரத்தில் எங்கள் முன்னறையில்தான் இவர்களுடைய சபை கூடும்.

சபை கூடினால் முதலில் யன்னலைச் சாத்துவார்கள். பிறகு மின்விசிறியை நிறுத்துவார்கள், அது இரைகிறதாம். திருகோணமலை வெயிலில், பூட்டிய அறைக்குள், மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்கள். "நல்ல காற்றோட்டமான சத்தம் ஐசே" என்பார் மனேஜர், நாடியிலிருந்து வியர்வை சொட்டச் சொட்ட. நான் தேத்தண்ணி கொண்டுபோனால் கரண்டி கோப்பையில் முட்டக்கூடாது. ஒருமுறை முட்டிவிட்டது. கோயிலுக்குள் செருப்போடு வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, மற்றவர்களின் காதுகளைப் பற்றி இவர்கள் வைத்திருந்த இளக்காரம். வயர் இல்லாமல், பெரிய எழுத்தில் கொம்பனிப் பெயர் போட்டு, இளசுகள் மாட்டித் திரிகிற ஹெட்போன்களைக் கண்டால் மூன்று பேருக்கும் ஆகாது. உள்துறைமுக வீதியில் பின்னேரம் நடக்கப் போனால், எதிரே ஓடிவருகிற ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவார்கள். "அது ஹெட்போன் இல்லை ஐசே, தலைச்சோடினை, அலங்காரத்துக்கு மாட்டுறது" என்பார் மனேஜர். "சொதிக்குள்ள இடியப்பத்தைத் தேடுற மாதிரி, உதில பேஸ் இடிக்குள்ள பாட்டைத் தேட வேணும்" என்பார் என்னுடையவர். இந்தப் பகிடியை ஒவ்வொரு கிழமையும் சொல்லுவார், ஒவ்வொரு கிழமையும் புதிதாகக் கேட்டதுபோலச் சிரிப்பார்கள். உவற்றில் ஒன்றையாவது காதில் வைத்துப் பார்த்தீர்களா என்று ஒருநாள் கேட்டேன். "வாய்க்கால் தண்ணி ஊத்தை எண்டு தெரிய, குடிச்சுப் பாக்க வேணுமே?" என்றார்.

எங்கள் ஒரே மகள் மெல்பேர்ணில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். தகப்பன் போனை வாங்கி, "ஓம் பிள்ளை, ஓம், நல்லம், இந்தா அம்மாட்டக் குடுக்கிறன்" என்று சொல்லி, சூட்டுச் சட்டியைக் கைமாற்றுவதுபோல என்னிடம் தந்துவிடுவார். முந்தி இப்படி இல்லை. அவள் படிக்கிற காலத்தில் இரண்டு பேரும் ஊர் உலகமெல்லாம் கதைப்பார்கள், நான்தான் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒருநாள் அவள் கேட்டாள், "அம்மா, அப்பாவுக்கு என்னில ஏதும் கோவமோ? சாப்பாடு என்ன எண்டு கேட்டால் மழை பெய்யுது எண்டுறார். நான் என்ன பிழை செய்தனான்?" இவரிடம் சொன்னேன். "எனக்கென்ன கோவம்?" என்றார். அவ்வளவுதான்.

எனக்கும் அதே கதைதான். குசினியிலிருந்து கூப்பிட்டால் முதல் தரத்தில் ஒருநாளும் திரும்பமாட்டார். புத்தி முழுக்க அந்த ஹெட்போன்களில் என்று நினைத்தேன். கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை தடித்துவிட்டது. எங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்று எனக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும், இவருக்குத் தெரியாது.

இந்த நேரத்தில்தான் மகள் அப்பாவுக்கென்று ஒரு ஹெட்போன் அனுப்பினாள். அங்கிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு பிள்ளை கொண்டுவந்து தந்தது. பால் வெள்ளை நிறம், வயர் இல்லை, இரண்டு காதிலும் கொட்டை எழுத்து. இவர்கள் பகிடி பண்ணுகிற அதே சாதி. இவர் பெட்டியைத் திறந்து பார்த்தார், தலையில் வைத்தார், வைத்த வேகத்தில் கழற்றினார். "பஞ்சு மூட்டை" என்றார். அது அலுமாரிக்குள் இவர் உடுக்கிற சாரங்களுக்குக் கீழே போய்விட்டது. அப்பா பாவிக்கிறாரா என்று அவள் ஒவ்வொரு ஞாயிறும் கேட்பாள். நான் பொய் சொல்லுவேன். பெற்ற பிள்ளை ஆசையாக அனுப்பியதை, பூசணிக்காய்க்குக் கொடுத்த மரியாதைகூடக் கொடுக்காமல் பூட்டி வைத்த மனிதரோடு நான் சில நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கதைக்காமல் விட்டதும் அவருக்குத் தெரியவில்லை.

இவருக்கு ஓர் அளவுகோல் உண்டு. மகள் சின்ன வகுப்பில் படிக்கும்போது பள்ளிக்கூட விழாவில் ஆடினாள். மேடைக் காலடியில் ரெக்கோடரை வைத்து இவரே பதிந்த கசெற். பிறகு அதைக் கொம்பியூட்டரில் ஏற்றினார். அதில் ஓரிடத்தில் அவள் ஓடிவந்து நிற்பாள். நின்ற பிறகும் சலங்கையில் ஒரே ஒரு மணி பிந்திக் கிலுங்கும். எந்த ஹெட்போன் வந்தாலும் முதலில் அந்த இடத்தைத்தான் போடுவார். பிந்திய மணி கேட்டால் நல்ல சாமான், கேட்காவிட்டால் திருப்பி அனுப்பு. கொஞ்சக் காலமாக வந்த எல்லாமே திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. மணி மட்டுமில்லை, சலங்கையே இல்லையாம். இப்போதெல்லாம் ஒருவனுக்கும் செய்யத் தெரியாது என்று ஏசுவார். வயரை மாற்றினார், காதுப் பஞ்சை மாற்றினார். பூசணிக்காயில் ஓடவிட்டதும் இதற்குத்தான்.

அந்தப் பூசணிக்காய் ஹெட்போனும் நானா கொண்டுவந்ததுதான். அடுத்த சனிக்கிழமை இவர் அதைக் கழற்றித் தலையில் மாட்டிக் கேட்டுவிட்டு, "இதிலயும் சலங்கை இல்லை. ஆரோ உங்கட தலையில கட்டிப்போட்டாங்கள் நானா" என்றார். "ஓம் ஐசே, மங்கல்தான்" என்றார் மனேஜர். நானாவின் முகம் சுருங்கிப்போனது. ஹாட்வெயார் கடைக்காரரிடம் சாமான் பழுது என்று சொல்லலாமா?

"எத்தினதான் மச்சான் திருப்புறது? எல்லாத்திலயுமா பழுது இரிக்கும்?" என்றவர், தேத்தண்ணித் தட்டோடு நின்ற என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்க வந்து கேளுங்க. உங்களுக்கு இதப் பத்தி ஒண்டும் தெரியா. உங்கட காதுதான் நடுவுநிலையான காது."

கையைத் துடைத்துக்கொண்டு மாட்டினேன். இத்தனை வருசத்தில் அவர்களுடைய கதிரையில் நான் இருந்தது அதுதான் முதல் தடவை. பலகை மேடையில் என் பிள்ளையின் கால் ஓடிவந்தது. சலங்கை முழுக்கக் கேட்டது. நின்றாள். பிந்திய மணி கிலுங்கியது.

"இருக்கு" என்றேன்.

"என்ன இருக்கு?"

"சலங்கை. பிந்தி வாற மணியும் இருக்கு."

இவர் பிடுங்கித் தன் காதில் வைத்தார். திரும்பத் திரும்பப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, இரக்கப்படுவதுபோலச் சிரித்தார். "அது உமக்கு ஞாபகத்தில இருக்கு. ஞாபகத்தில இருக்கிறதைத்தான் நீர் கேக்கிறீர். பழக்கமில்லாத ஆக்களுக்கு உது வாறதுதான்."

நான் நானாவைப் பார்த்தேன். நானா என்னைப் பார்த்தார். மனேஜர் தேத்தண்ணியைப் பார்த்தார். நானா ஹெட்போனை வாங்கிப் பையில் போட்டார். போகும்போது வாசற் படலையடியில் என்னிடம் மெதுவாகச் சொன்னார், "சாமானில பிழ இல்ல தங்கச்சி. காதக் காட்டச் சொல்லுங்க. நான் சொன்னா சண்டதான் வரும்."

நான் சொன்னேன், எனக்கும் சண்டைதான் வந்தது. "நான் கேக்கிறதில அரைவாசி உமக்குக் கேக்குமே? என்ர காதையே பிழை சொல்லுறீர்?" என்று குதித்தார். அடுத்த சனிக்கிழமை நானா வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. மனேஜர் மட்டும் வந்து, எதை ஆமோதிப்பது என்று தெரியாமல் எழும்பிப் போனார்.

மகளுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். "தெரியும் அம்மா. எனக்குக் கொஞ்ச நாளாச் சந்தேகம். அதுக்குத்தானே உதை அனுப்பினனான். காதுக்கெண்டு சொன்னால் அப்பா தொடமாட்டார் எண்டுதான் சொல்லேல்ல" என்றாள். அந்த ஹெட்போன் போன் வழியாகக் காதைச் சோதிக்குமாம். எந்தச் சத்தம் கேட்கவில்லையோ அதை மட்டும் அவருடைய காதுக்கு ஏற்றபடி தூக்கித் தருமாம். வெளியில் நாங்கள் கதைப்பதையும் அப்படியே திருத்தி உள்ளே விடுமாம். டொக்டரிடம் போகும்வரைக்காவது உதவும் என்று நினைத்தாளாம். அந்த மருந்து இவ்வளவு காலமும் அலுமாரிக்குள் சாரத்துக்குக் கீழே கிடந்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

நேரே சொன்னால் நடக்காது. பதிந்த சத்தத்தில் கைவைக்கிற சாமான் இவர்களுக்குத் தீட்டு. ஆகவே வேறு வழியில் போனேன். "பிள்ளை அனுப்பின ஹெட்போன் பழுதாம். திருப்பி அனுப்ப முதல், என்ன பழுதெண்டு அப்பா பாத்துச் சொல்லட்டாம்" என்றேன். பழுது என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னனான்" என்று எழும்பி, யன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

மகள் சொல்லித்தந்தபடி போன் என் கையில். ஒவ்வொரு சத்தம் போகும்போதும் திரையில் ஒரு வட்டம் விரியும். கேட்டால் அவர் விரலைத் தூக்க வேண்டும், நான் அழுத்த வேண்டும். தொடக்கத்தில் டக்குடக்கென்று விரல் எழும்பியது. பிறகு வட்டம் விரிந்தது, விரல் எழும்பவில்லை. திரும்பவும் விரிந்தது. அவர் கண்ணை மூடி, தீர்ப்புச் சொல்லப்போகிற நீதவான் மாதிரி அசையாமல் இருந்தார். வட்டம் விரிந்துகொண்டே இருந்தது. இந்த மனிதரை நான் எத்தனை ஏச்சு ஏசியிருப்பேன். அதெல்லாமும் இப்படித்தான் கேட்காமல் போயிருக்கிறது.

முடிந்ததும் கண்ணைத் திறந்தார். "பழுதுதான். கனநேரம் சத்தமே விடேல்ல."

நான் போனை நீட்டினேன். இரண்டு காதுக்கும் இரண்டு கோடு. பாதி வரைக்கும் நேரே வந்து, பிறகு மளமளவென்று கீழே இறங்கியிருந்தன. எஞ்சின் அறையில் மீட்டர் பார்த்துக் காலம் போக்கியவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். நான் மகள் சொன்ன இடத்தை அழுத்திவிட்டு, சலங்கையைப் போட்டேன். பிந்திய மணி வருகிற இடத்தில் அவருடைய கை கதிரைச் சட்டத்தைப் பிடித்தது.

"இன்னொருக்காப் போடும்" என்றார்.

அன்று பின்னேரம் அவராகவே நானாவுக்குப் போன் எடுத்தார். சனிக்கிழமை சபை கூடியது. மேசையில் கிடந்த வெள்ளை ஹெட்போனைக் கண்டதும் மனேஜர், "என்ன ஐசே, தலைச்சோடினை?" என்று தொடங்கினார். இவர், "பேஸ் கொஞ்சம் கூடத்தான்" என்றார். ஆனால் அதை எடுத்து ஒளிக்கவில்லை. நானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காது டொக்டரிடம் தானே கடை வானில் ஏற்றிக் கூட்டிப்போவதாகச் சொன்னார். இவர் தலையாட்டினார்.

மறுநாள் மகள் எடுத்தாள். இவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முன்னறையில் இருந்தார். நான் போன் கைமாறி வரும் என்று வாசலில் நின்றேன். வரவில்லை. அவள் என்ன கேட்டாளோ, "இண்டைக்குப் பூசணிக்காய்க் கறி. கடைசியில கொம்மா அதை வெட்டிப்போட்டா" என்று சொல்லிச் சிரித்தார். கேட்ட கேள்விக்கு வந்த பதில். நான் குசினிக்குப் போய்விட்டேன். அவர்கள் கதைத்தார்கள், கதைத்தார்கள், கேத்தில் கொதித்து ஆறியும்விட்டது.

கதை ஓய்ந்ததும் வழக்கம்போல அடித்தொண்டையிலிருந்து கூப்பிட்டேன், "இஞ்சேருங்கோ, தேத்தண்ணி வேணுமோ?"

வெள்ளை ஹெட்போன் தலையில் இருக்க, முதல் தரத்திலேயே திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஏன் இப்பிடிக் கத்துறீர்? எனக்கென்ன காது கேளாதே?"

எனக்கு வந்த கோபத்துக்குக் கேத்திலைத் தூக்கி எறிந்திருப்பேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. முகத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதுபோலத் தணிந்த குரலில் திரும்பவும் கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஓம்" என்றார். "சீனி குறைச்சு."