தொங்கவிட்ட கேபிள்

தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு கேபிளைக் குழந்தை பிடித்து இழுக்கப் போகிறது. அந்த முனை சரியாகப் பொருந்தும் துளை பக்கத்திலேயே காலியாக இருக்கிறது. எடுத்துச் செருகிவிடுவது தவறா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. செருகியவர்மேல் தவறில்லை என்று தோன்றும். அப்படியானால் யார்மேல் என்று யோசித்தால் என்னிடமே வந்து நிற்கிறது. உடனே எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். பிறகு அதையும் நம்ப முடிவதில்லை.

தொழிற்சாலைகளுக்கு நெட்வொர்க் ஸ்விட்ச் அமைத்துக் கொடுப்பது என் வேலை. விளக்குப் போடும் சுவிட்ச் இல்லை இது. ஒரு சின்ன இரும்புப் பெட்டி. இயந்திரங்களிலிருந்து வரும் கேபிள்கள் அதில் சேரும். எந்தச் செய்தி எங்கே போக வேண்டும் என்று அது பிரித்து அனுப்பும். பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு சிறிய கம்பெனியில் இருக்கிறேன். பிரசவ விடுப்புக்குப் பின் எனக்குக் கொடுத்த முதல் வெளியூர் வேலை, இடுக்கியில் ஒரு தேயிலை ஃபேக்டரி.

மகளுக்கு ஒன்றரை வயது. கணவர் விடுப்பு எடுத்துப் பார்த்துக்கொள்வதாகத்தான் பேச்சு. கிளம்பும் சமயத்தில் அவருடைய ஷிஃப்டை மாற்றிவிட்டார்கள்.

“ஏனுங்க, இப்பச் சொன்னா நான் என்ன பண்றதுங்க?”

“கூட்டீட்டே போயிரு. எஸ்டேட்டுல புள்ளைகளப் பாத்துக்கற எடம் இருக்குமில்ல.”

இருந்தது. அதன் ஆயா விடுப்பில் போயிருந்ததால் பூட்டிக் கிடந்தது. ஈரக் குடையும் லேப்டாப் பையும் இடுப்பில் குழந்தையுமாக நான் ஃபேக்டரி வாசலில் நின்றபோது, துடைப்பத்துடன் வந்த அக்கா ஒருவர் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினார். யாரிடமும் போகாத என் மகள் போய்விட்டாள். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

அக்கா வருடக்கணக்காக இலை பறித்தவர். முழங்கால் தேய்ந்துவிட்டதால் ஃபேக்டரிக்குள் கூட்டிப் பெருக்கும் வேலையில் தற்காலிகமாகப் போட்டிருக்கிறார்கள். மழைக்காலம் முடியும்வரை குறை சொல்ல இடமில்லாமல் வேலை நடந்தால் இங்கேயே வைத்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

“திரும்ப மலைக்கு மட்டும் அனுப்பிரக் கூடாது தாயி. ஏறிப்பிடலாம். எறங்குறப்பதான் முட்டி கழண்டு கைக்கு வந்திரும்போல இருக்கு” என்றார். அடுத்த மூச்சிலேயே என்னைப் பார்த்து, “ஷாலக் கழட்டு. சடைய உள்ள சொருகு. இங்க தொங்குனா மெஷினு தின்னுரும்” என்றார்.

அந்த ஃபேக்டரியில் எதுவும் தொங்காது. பெண்கள் சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகி, மேலே சாக்குத் துணி கட்டி, முடியைத் தொப்பிக்குள் அடக்கியிருந்தார்கள். உருளைகள் சுற்றுகிற இடம். துடைப்பத்தைக்கூடச் சுவரோரம் படுக்கத்தான் வைக்கிறார்கள்.

உற்பத்திக்குப் பொறுப்பான டீ மேக்கர் குழந்தையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். “கண்ணாடி ரூமுக்குள்ளயே இருக்கட்டும் மேடம். வெளிய வந்தா என் வேல போயிரும், உங்க வேலயும் போயிரும். இவளுக்கு மட்டுந்தான் போறதுக்கு வேல இல்ல.” பேசிக்கொண்டே அவளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

கண்ணாடி அறை, இயந்திரங்களிலிருந்து தள்ளியிருக்கும் ஒரு சின்ன அறை. நான் அமைக்க வேண்டிய மூன்றாவது ஸ்விட்ச் அங்கேதான் இருந்தது. மற்ற இரண்டில் ஒன்று மாடியில், ஒன்று தேயிலையை உலர்த்தும் டிரையர் பக்கத்தில். மூன்றையும் வட்டமாக இணைக்க வேண்டும். ஓரிடத்தில் கேபிள் அறுந்தாலும் செய்தி மறுபக்கமாகப் போய்விடும் என்பதற்காக. ஆனால் வட்டத்தை மூடுவதற்கு முன் மூன்றிலும் அதற்கான அமைப்பைப் போட்டுவிட வேண்டும். போடாமல் மூடினால் செய்திகள் நிற்க இடமில்லாமல் சுற்றிச் சுற்றிப் பெருகி, பாதையை அடைத்துவிடும். அதனால் கடைசிக் கேபிளை மட்டும் செருகாமல் விடுவது எங்கள் வழக்கம். விட்டேன். மாடி ஸ்விட்சிலிருந்து வந்த அதன் முனை பெட்டியோரமாகத் தரைக்குக் கொஞ்சம் மேலே வரை தொங்கியது.

இரண்டு ஸ்விட்சுகளை முடித்துவிட்டேன். மூன்றாவதில் பாதியில் இருந்தபோது மாடியில் ஒரு விசிறியின் முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணை, சரிபார்க்க வேண்டியிருந்தது. குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு மேலே போனேன். மாடியில்தான் பச்சை இலையை நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றடித்து வாட்டுகிறார்கள். நான் குனிந்து முகவரியைக் குறித்துக்கொண்டிருக்கும்போதே விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. செய்தி வராவிட்டால் தாமாக நின்றுவிடும்படி அவற்றை அமைத்திருந்தார்கள்.

கீழே ஓடினேன். லேப்டாப் திரை உறைந்திருந்தது. ஸ்விட்சின் விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் வெறிபிடித்தாற்போல் துடித்தன.

“என்ன மேடம், உங்க பொட்டிக்குச் சாமி வந்திருச்சா?” என்றார் டீ மேக்கர். குரலில் சிரிப்பு இல்லை. காற்று நின்றால் இலை புழுங்கிச் சிவந்துவிடும். ஆட்களை மாடிக்கு அனுப்பி விசிறிகளைக் கையால் போடச் சொன்னார்.

என் முதல் சந்தேகம் என்மேல்தான். ஒரே முகவரியை இரண்டு விசிறிகளுக்குக் கொடுத்துவிட்டேனா? தூக்கமில்லாமல் எதையாவது மாற்றி அடித்துவிட்டேனா? ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். போட்டதை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். கொஞ்ச நேரம் ஒழுங்காக இருந்துவிட்டு மறுபடி துடித்தது. அக்கா இடுப்பிலிருந்து மகள் என்னை நோக்கித் தாவித் தாவி அழுதாள். என் கை லேப்டாப்பில் இருந்தது. பால் கட்டி மார்பு கனத்து வலித்தது. ஒருமுறைகூட நான் தலையைத் திருப்பி அந்தப் பெட்டியின் ஓரத்தைப் பார்க்கவில்லை.

பார்த்தபோது தொங்கவிட்ட கேபிள் தொங்கவில்லை.

“இத யாருக்கா மாட்டினது?”

“நாந்தான் தாயி. பாப்பா அதப் புடிச்சு இழுக்கப் போனா. தொங்குதேன்னு சொருகுனேன். டக்குனு சத்தம் போட்டு அழகா உக்காந்துச்சே” என்றார் அக்கா. சொல்லச் சொல்ல என் முகத்தைப் பார்த்து அவருக்குக் குரல் இறங்கியது. “தப்பாயிருச்சா?”

கேபிளைப் பிடுங்கினேன். விளக்குகள் அடங்கின. விசிறிகள் திரையில் திரும்ப வந்தன. ஆனால் கடைசி விசிறியைக் கையால் போடுவதற்குள் ஒரு தொட்டி இலை சிவந்துபோயிருந்தது. அதை அள்ளிக் கொட்டும்போது மேனேஜர் வந்துவிட்டார்.

யார் கை வைத்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, “நாந்தான் சார், கூட்டும்போது சொருகிட்டேன்” என்றார். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழந்தை அப்போது அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

நான் சொன்னேன். குழந்தை என்னுடையது, அவளுக்காகத்தான் அக்கா செருகினார், அந்தத் துளையை ஸ்விட்சுக்கு ஒரு வரிக் கட்டளை கொடுத்தே அடைத்து வைத்திருக்கலாம், நான் அடைக்கவில்லை, தொடக் கூடாது என்று யாரிடமும் சொல்லவும் இல்லை என்றேன். மேனேஜர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“நீங்க உங்க வேலய முடிங்க மேடம். இது எஸ்டேட் காரியம், நாங்க பாத்துக்கறோம்.”

மீதி வேலையை முடிக்க நேரமில்லை. வட்டத்தை மூடாமலே, அந்தத் துளையை அடைத்து, கேபிளைச் சுருட்டிக் கட்டி வைத்துவிட்டுத் திரும்பினேன். இனி குழந்தையுடன் யாரும் வேலைக்குப் போகக் கூடாது என்று என் கம்பெனியில் ஒரு விதி வந்திருக்கிறது. யாரும் என்றால் நான்தான். அங்கே வேறு யாருக்கும் கைக்குழந்தை இல்லை.

அக்காவை மலைக்கு அனுப்பிவிட்டார்கள். டீ மேக்கரிடம் போன் செய்து கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அக்காவின் எண்ணையும் அவரிடமே வாங்கினேன். மேனேஜரிடம் மறுபடி பேசுவதாகச் சொன்னதும் அக்கா பதறிவிட்டார்.

“வேணாம் தாயி. நீ அன்னிக்குப் பேசுனதுக்கே, வெளியாள வச்சுச் சிபாரிசான்னு கேட்டுட்டாக. இன்னொருக்கா பேசுனா மலையும் இல்லாமப் போயிரும். பாப்பா சாப்பிடுதா?”

சாப்பிடுகிறாள் என்றேன். பின்னால் மழைச் சத்தம் கேட்டது. எங்கே நின்று பேசுகிறார் என்று கேட்கத் துணிவில்லை.

அடுத்த மாதம் மீதி வேலைக்காக நான் அங்கே போக வேண்டும். கணவர் இந்த முறை விடுப்பை எழுதி வாங்கிவிட்டார். மேனேஜர் எதிரில் இருப்பார், வட்டத்தை மூடிக் காட்டியதும் ஒருவேளை நல்ல மனநிலையிலும் இருப்பார். பேச அதுதான் சமயம் என்று ஒரு நாள் தோன்றுகிறது. அக்காவே வேண்டாம் என்று சொன்ன பிறகு பேசுவது அவருக்காகவா, என் மனம் ஆறுவதற்காகவா என்று மறுநாள் தோன்றுகிறது. பேசாமல் வந்துவிட்டால் அந்த முழங்கால் இன்னும் எத்தனை மழைக்குத் தாங்கும்?

எஸ்டேட்டிலோ ஃபேக்டரியிலோ வேலை செய்கிறவர்கள் இதைப் படித்தால் சொல்லுங்கள். ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்களும் சொல்லுங்கள். நான் பேசலாமா? பேசலாம் என்றால், அக்காவுக்குக் கெடுதல் வராமல் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?