திரையில் பதினேழு ஜன்னல்

உங்கள் கம்ப்யூட்டரில் இப்போது எத்தனை ஜன்னல்கள் திறந்திருக்கின்றன? போன செவ்வாய்க்கிழமை என்னுடையதில் பதினேழு. எண்ணிப் பார்த்தது தப்பு நடந்த பிறகுதான்!

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எந்த ஆர்டருக்கு எந்த சைஸில் எத்தனை ஜோடி என்று கட்டிங் பிரிவுக்கு லிஸ்ட் கொடுப்பது என் வேலை. அன்றைக்கு ஒரே மாடல் கறுப்பு ஷூவுக்கு இரண்டு ஆர்டர். ஜெர்மனிக்குப் பெரிய சைஸ்கள் அதிகம். ஜப்பானுக்குச் சின்ன சைஸ்கள் அதிகம். இரண்டு எக்ஸெல் ஷீட்டும் பார்க்க ஒரே மாதிரி. திரையின் அடியில் பதினேழு பட்டன்கள் நெருக்கியடித்ததில், எதிலும் 'ஆர்டர்' என்பதற்கு மேல் தெரியவில்லை.

கட்டிங் மாஸ்டர் பஷீர் பாய் வந்து நின்றார். "மேடம், ஜப்பான் லிஸ்ட் குடுங்க. மெஷின் சும்மா நிக்குது."

ஒரு கிளிக்... பிரிண்ட். வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு மணி நேரத்தில் அதே தாளோடு மாடியேறி வந்தார். "இன்னா மேடம், ஜப்பான்காரங்களுக்குக் கால் வளர்ந்துடுச்சா? பதினோராம் நம்பர் இவ்ளோ ஜாஸ்தியா போட்டிருக்கீங்க?"

வாங்கிப் பார்த்தேன். ஜெர்மனி! அதற்குள் வெட்டியிருப்பார்களே!

கீழே ஓடினேன். மேனேஜர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். தோல் வெட்டுகிற ஸ்டீபனைப் பிடித்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷ சர்வீஸ்... பார்த்து வெட்ட மாட்டியாப்பா? மெமோ குடுத்தாதான் புத்தி வருமா?"

பேரணாம்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற மனிதர். ஸ்டீபன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன். 'கம்ப்யூட்டர் மாத்திக் குடுத்துடுச்சு சார்' என்பது என் நாக்கு நுனி வரை வந்தது. நம்பியும் இருப்பார்கள். அந்தப் பெட்டியா எழுந்து வந்து மறுக்கப்போகிறது?

ஸ்டீபன் முகத்தைப் பார்த்தேன்.

"சார், அவரைத் திட்டாதீங்க. தப்பான லிஸ்ட் குடுத்தது நான். மெமோவை எனக்குக் குடுங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். பின்னாலேயே வந்த பஷீர் பாய் குறுக்கே பேசினார். "வெட்டினது ஜப்பான் ஆர்டர் தோலு சார், ஜெர்மனிக்கு ஆகாது. நல்லவேளை, பெருசா வெட்டிட்டோம். அதையே சின்ன சைஸுக்கு மறுபடி வெட்டிக்கலாம். உல்ட்டாவா ஆகியிருந்தாதான் பேஜார்."

தோல் தப்பியது. நான் தப்பவில்லை — கையெழுத்துப் போட்டு மெமோவை வாங்கிக்கொண்டேன். ஸ்டீபன் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அது போதும்.

மாடிக்கு வந்ததும் பதினேழையும் ஒவ்வொன்றாக மூடினேன். இனி ஒரு நேரத்தில் ஒரே ஆர்டர். அதன் லிஸ்ட், அதன் மெயில், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். அடுத்ததைத் திறக்குமுன் இதை மூடியாக வேண்டும்.

ஆபீஸில் சிரித்தார்கள். மறுநாள் மேனேஜரே என் பின்னால் நின்று அவசரப்படுத்தினார். "இத்தாலி ஷீட்டைச் சட்டுனு காட்டும்மா."

"இதை மூடிட்டுக் காட்டறேன் சார்."

"மினிமைஸ் பண்ணா போதாதா?"

"போதாது சார்."

நின்றார். மூடிய பிறகுதான் திறந்தேன்.

பதினேழை எதற்குத் திறந்து வைத்திருந்தேன்? மூடினால் வேலை மறந்துபோகுமோ என்ற பயம். ஒன்றே ஒன்று திறந்திருந்தால் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்பார்களோ என்ற பயம் வேறு. உங்களுக்கும் அப்படித்தானா? தைரியமாக மூடுங்கள். எதுவும் ஓடிப்போகாது...

சேவ் செய்திருந்தால்!