வலது கால் முதலில்

எலும்பு டாக்டரின் அறையில் அன்று அம்மா இருந்தாள், நான் இருந்தேன். எங்களைத் தன் ஆட்டோவில் ஏற்றி வந்த பாவா, என் அக்காவின் கணவர், கதவோரம் நின்றிருந்தார். நைனா, என் அப்பா, வரவில்லை. ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே தலை சுற்றும் என்று சொல்லிவிட்டு விடிந்ததுமே வேர்க்கடலைக் கொல்லைக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது முட்டி தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசப் போகிறதாம். மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். காப்பீட்டு அட்டை இருப்பதால் பணத்துக்கும் பயமில்லை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். டாக்டரிடம் கேள்வி கேட்கத் தெரிந்தவனும் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டது அம்மா.

"மாத்திட்டா, குந்திகினு களை எடுக்கலாங்களா?"

"அது கஷ்டம்மா."

"படி ஏறலாங்களா? ஒண்ணு ரெண்டு இல்லீங்க. மலைப் படி."

டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். "பயமா இருந்தா ஆறு மாசம் மத்த வழியைப் பாருங்க. பயிற்சி செய்யுங்க, எடையைக் குறைங்க. தை மாசம் வாங்க, பேசலாம்."

மலைப் படி என்று அவள் சொன்னதற்குக் காரணம் நான். பத்தாவதில் நான் தேறிய வருஷத்திலிருந்து, தை மாதத்தில் ஒரு நாள் திருத்தணி மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து ஏறுவது அவள் வேண்டுதல். போன தையில் எண்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பாவாவும் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்தோம். பொட்டு வைக்காமல் விட்ட மிச்சப் படிகள் முட்டியைவிட அதிகமாக அவளை வலித்தன. இந்தத் தையில் எல்லாப் படியையும் முடித்துவிட வேண்டும். அதுவும் தன் சொந்த முட்டியோடு.

மத்த வழிகளைப் பாவாதான் தொடங்கிவைத்தார். எருக்க இலையைச் சுட்டு ஒத்தடம் கொடுத்தோம். தைலம் தேய்த்தோம். ஒருநாள் ரோட்டோரத்தில் விற்ற முடவாட்டுக்கால் கிழங்கை வாங்கி வந்தார். முடி முளைத்த ஆட்டுக்கால் போலவே இருந்தது. அன்று கிருத்திகை.

"கிருத்திகை அன்னிக்கா கால வாங்கினு வந்து நீட்டுற?"

"அத்தே, இது கிழங்கு! மண்ணுல மொளைக்கிறது!"

"மண்ணுல மொளைச்சதுக்கு இன்னாத்துக்கு முடி?"

மறுநாள் சூப் வைத்தோம். அம்மா ஒரு டம்ளர் குடித்தாள். மிச்சத்தை நைனா குடித்துவிட்டு, தன் முட்டி நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

அடுத்து, புத்தூர் பக்கம் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் ஒரு பெரியவரிடம் போனோம். எங்கள் பக்கத்தில் காலில் என்ன வந்தாலும் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். அவர் முட்டியை அழுத்திப் பார்த்தார். "ஒடஞ்சா கட்டலாம். தேஞ்சா இன்னாத்த கட்டறது? போய் நடங்கம்மா" என்று காசு வாங்காமல் அனுப்பிவிட்டார்.

கடைசியில் பிசியோதெரபிக்கு வந்தோம். என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. துண்டைச் சுருட்டி முட்டிக்குக் கீழே வைத்து, பத்து எண்ணும் வரை அழுத்தச் சொன்னாள். நைனாவின் தலைத்துண்டு அன்றோடு போனது. மூன்று மாதத்தில் அம்மா யாரையும் பிடிக்காமல் எழுந்தாள். வலி போகவில்லை. ஆனால் வலியைச் சுமக்கத் தொடைக்குத் தெம்பு வந்திருந்தது.

படி ஏறுவதற்கும் அந்தப் பெண் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். நான் அதை எழுதிச் சுவரில் ஒட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது ஒட்டிய பிறகுதான் உறைத்தது. வாயால் சொன்னேன்.

"நல்ல கால்னா இடது காலா?" என்றாள்.

"ஆங்."

"புது மருமவ வூட்டுக்குள்ள வரப்பவே வலது கால்னு சொல்றோம். சாமி மலையில நான் இடது கால வெச்சி ஏறணுமா?"

"சாமி இன்னா, எந்தக் கால்னு பாத்துகினு இருக்காரு?" என்று கத்திவிட்டேன். "படிச்சவன் பேசற பேச்சாடா இது?" என்றார் நைனா. அம்மா இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் துண்டை அழுத்திக்கொண்டே கூப்பிட்டாள். "டேய், எறங்கறதுக்கு எந்தக் கால்னு சொன்னா அந்தப் பொண்ணு?"

"வலிக்கிற கால். வலது."

"அப்ப நான் எறங்கறேன்."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. மேலே ஆட்டோவில் போய்விட்டு, உச்சியிலிருந்து பொட்டு வைத்துக்கொண்டே இறங்கப் போகிறாள். சாமி சொன்ன காலும் பிசியோதெரபி சொன்ன காலும் ஒன்றாகிவிடும். அந்தப் பெண்ணிடம் சொன்னேன். சிரித்தாள். ஆனாலும் இறங்குவதுதான் முட்டிக்குப் பாரம் அதிகம் என்று எச்சரித்தாள். கம்பியை விடக்கூடாது, பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார வேண்டும், வலி ஏறினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

தை மாதம் பாவா எங்களை மேலே கொண்டுபோய் விட்டார். இந்த முறை நைனாவும் வந்தார். குனிய முடியாத அம்மாவுக்காக மஞ்சள் குங்குமக் கிண்ணங்களை அவரே வாங்கிக்கொண்டார். ஒரு படி இறங்குவார், திரும்பி மேல்படியின் முகப்பில் பொட்டு வைப்பார், நிமிர்ந்து அம்மாவின் முட்டியைப் பார்ப்பார். "ம், வா." அவள் வலது காலை இறக்குவாள். எதிரே பொட்டு வைத்து ஏறிவந்த ஒரு அம்மாள் நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா, தலைகீழா வரீங்க?"

"ஏறினா இன்னா, எறங்கினா இன்னா? படி அதே படிதானே!" என்றாள் அம்மா.

மூன்று மணி நேரம் ஆனது. கடைசிப் படியில் நைனா பொட்டு வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் முட்டியை அவரே பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, துண்டைச் சுருட்டி வைக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

அடுத்த வாரம் போனபோது, ஆபரேஷனை இன்னும் ஒரு வருஷம் தள்ளலாம் என்றார் டாக்டர். ஒருநாள் அது வேண்டியிருக்கலாம் என்றும் சொன்னார். அன்று அவர் அறையில் நைனாவும் இருந்தார். வெளியே வந்ததும், "முட்டிக்கு எவ்ளோடா ஆச்சு மொத்தம்?" என்று கேட்டார். எக்ஸ்ரே, தைலம், கிழங்கு, பஸ், பிசியோதெரபி எல்லாவற்றோடும் மஞ்சள் குங்குமத்துக்கான நாற்பது ரூபாயையும் கூட்டிச் சொன்னேன்: ஆறாயிரத்து இருநூற்று நாற்பது.