யானைக்கால் டீமோடு அடையாறுக்கு ஒரு ஹாக்கிப் பயணம்

இந்தப் பக்கத்தில் இதுவரை குடகு, தரங்கம்பாடி, பத்ராசலம் என்று தூரதூரமாகப் போய் வந்ததைத்தான் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு எழுதப்போவது மொத்தமே ஆறு கிலோமீட்டர். மயிலாப்பூர் குளத்தங்கரையிலிருந்து அடையாறு வரை, டவுன் பஸ்ஸில். போன வாரம் ஓர் இளம் ஹாக்கி கோச் எனக்குக் கடிதம் எழுதியிருந்தாள். பன்னிரண்டு பெண் பிள்ளைகளை முதல் தடவையாக வெளி மேட்சுக்குக் கூட்டிப்போகிறாளாம், என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று கேட்டிருந்தாள். பட்டியல் போட்டு அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். பட்டியல் வரவில்லை. 1974 ஜனவரியில், பொங்கல் லீவு முடிந்த மறு சனிக்கிழமை நான் கூட்டிப்போன பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். சாந்தோமில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அத்தை எல்லாருமே டீச்சர்கள். அதனால் நான் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் எனக்குப் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. வாயும் கொஞ்சம் நீளம்.

எங்கள் டீமில் முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொள்ளும் ஷின் பேட் ஒருத்தியிடமும் கிடையாது. மவுண்ட் ரோடு கடையில் ஒரு ஜோடி பதினெட்டு ரூபாய். பள்ளிக்கூடம் தராது, பிள்ளைகளால் முடியாது. ஹாக்கிப் பந்து கல் மாதிரி இருக்கும், எதிராளியின் மட்டை அதைவிட மோசம். ஆகவே நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய வாரப் பத்திரிகைகள் மூன்றை (எங்கள் பேச்சில் 'புக்கு') ஒன்றாக மடித்து, காலின் முன்னெலும்புக்கு மேல் ஸ்டாக்கிங்ஸுக்குள் செருக வேண்டும். (பல்லுக்கு அப்போது யாருமே ஒன்றும் போட்டதில்லை, பல் போனவர்கள் உண்டு.) சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மேலும் கீழும் மாட்டிவிட்டால் நகராது. இரண்டு வருடத்தில் ஒருத்திக்கும் காலில் பெரிய அடி கிடையாது. பார்க்கத்தான் கால்கள் வீங்கினது போல, ஆளுக்கொரு தினுசாக இருக்கும்.

டீமில் நடு ஆட்டக்காரி செல்வக்கனி. பத்தாவது படித்தாள். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தி. நகரில் பாத்திரக் கடை. மாநில ஜூனியர் அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கனி கட்டாயம் எடுபடுவாள் என்று எனக்குத் தெரியும். அந்த வருடத்தை விட்டால் அவளுக்கு வயது தாண்டிவிடும். அடையாறு மேட்சுக்கு அனுமதி கேட்க நான் கடைக்கே போனேன். அண்டாக்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அவர் சொன்னார்: "ஒங்கள நம்பித்தான் பிள்ளைய விடுதேன் டீச்சர். கை காலு பத்திரமாக் கொண்டாந்து விட்டிருங்க. இவளப் பாத்துட்டுச் சின்னவளும் மட்டையத் தூக்கிட்டு அலையுதா."

சனிக்கிழமை மதியம் 2.20-க்குக் குளத்தங்கரையில் பஸ் ஏறினோம். ஆளுக்கு இருபது பைசா, பதின்மூன்று பேருக்கு இரண்டு ரூபாய் அறுபது. கண்டக்டர் ஸ்டிக்குகளைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "இன்னாம்மா இது, வெறகு மண்டிக்கா போய்க்கினு கீறீங்க? பிரேக் போட்டா எவன் மூஞ்சில குத்தும் தெரியுமா?" எல்லாவற்றையும் கட்டாகக் கட்டி நீள சீட்டுக்கு அடியில் தள்ளச் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி. அன்றைக்கு முழுக்கப் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி யோசித்தவர் அந்த ஒரே ஆள்தான் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன். மந்தைவெளி தாண்டி, ஆற்றுப் பாலத்தில் காற்று வாங்கி, 2.50-க்கு இறங்கினோம். அங்கிருந்து மைதானம் பத்து நிமிட நடை.

நான்கு மணிக்கு மேட்ச். மூன்றரைக்கெல்லாம் என் பிள்ளைகள் பத்திரிகைகளைச் செருகிக்கொண்டு தயார். எதிர் டீமில் எல்லாருக்கும் கடையில் வாங்கிய பேட், ஒரே அளவு, ஒரே வெள்ளை. எங்கள் கால்களைப் பார்த்து அவர்களில் ஒருத்தி, "ஏய், யானைக்கால் டீம் வந்திருக்குடி!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என் பிள்ளைகளும்கூடச் சிரித்தார்கள். எனக்குத்தான் சுருக்கென்றது.

சிறப்பு விருந்தினர் வர 4.50 ஆனது. நம் ஊரில் விருந்தினர் வந்து, வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, போட்டோ எடுத்தால்தான் பந்து உருளும். போட்டோக்காரர் கேமரா முக்காலியை நிறுத்தினார். மறுபடியும் ஒரு சிரிப்புச் சத்தம். நான் என் வரிசைக்கு முன்னால் போய் நின்று சொன்னேன்: "எல்லாரும் புக்கை எடுத்துப் பையில போடுங்க. போட்டோ முடிஞ்சதும் வெச்சுக்கலாம்."

போட்டோ முடிந்தபோது 5.05. ஆறு மணிக்கு வெளிச்சம் போய்விடும் என்று அம்பயர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். பை மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. கனி மட்டும் என்னிடம் ஓடி வந்தாள். "டீச்சர், புக்கை வெச்சுக்கட்டுமா? ரெண்டே நிமிஷம்." நான் வெள்ளை பேட் போட்ட அந்தப் பெண்களைப் பார்த்தேன். "ஹாஃப் டைம்ல பாத்துக்கலாம், போ" என்றேன். அவசரம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு நிமிடம் கேட்டிருந்தால் அம்பயர் கொடுத்திருப்பார். என் டீம் அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

எட்டாவது நிமிடம். கனி பந்தை நிறுத்தினாள், எதிராளி முழு வீச்சில் அடித்தாள், பந்து அதற்குள் நகர்ந்துவிட்டது. மரக்கிளை முறிகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணின் மேல் தப்பில்லை.

மற்ற பிள்ளைகளை அந்தப் பள்ளி டீச்சர் பஸ் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். நான் பையைத் தோளில் மாட்டி, கனியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். ஆட்டோக்காரர் காலைப் பார்த்ததும் இறங்கிவிட்டார். "ஆட்டாத டீச்சர், அப்டியே உட்டா இன்னும் ஒட்ஞ்சிடும். பையில இன்னா கீது?" பத்திரிகைகளும் டியூப் வளையங்களும் என்றேன். "அத்தக் குடு." காலின் இரண்டு பக்கமும் பத்திரிகைகளை வைத்து, அந்த டியூப் வளையங்களையே மாட்டி, தன் துண்டால் இறுக்கினார். "இம்மாம் புக்கு வெச்சிக்கினு சும்மா தூக்கினு வர்றியே" என்று என்னைக் கடிந்துகொண்டார். கனி வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் வெளியே பார்த்தாள். ஏழு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். மீட்டருக்கு மேல் அவர் ஒரு காசு வாங்கவில்லை, துண்டையும் திருப்பிக் கேட்கவில்லை.

அவள் அப்பா ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலருகே கிடந்த பத்திரிகைகளைப் பார்த்தார். காலுக்குக் கவசம் அதுதான் என்று கனி வீட்டில் காட்டியிருக்கிறாள் போல. "இத வைக்காமலா டீச்சர் ஆடுனா?" என்று கேட்டார். நான் சொன்ன பதில் இது: "எப்பவும் வெச்சுக்கிட்டு ஆடணும்னுதான் எல்லாரையும் பழக்கியிருக்கேன்."

ஒரு வார்த்தை பொய் கிடையாது அதில். அவர் மகள் பக்கம் திரும்பினார். "ஏளா, டீச்சர் சொன்னாக் கேக்கண்டாமா?"

கனி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "தப்புதாம்ப்பா" என்றாள்.

மூன்று மாதம் மாவுக்கட்டு. தேர்வு போயிற்று, ஆட்டமும் போயிற்று. எலும்பு சற்றுக் கோணலாகக் கூடியதால் நடையில் லேசான சாய்வு நின்றுவிட்டது. ஏப்ரலில், மனசு கேட்காமல், அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று கடைக்குப் போனேன். கனிதான் கல்லாவில் இருந்தாள். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் குரலைத் தாழ்த்தினாள். "வேண்டாம் டீச்சர். நான் உங்க பேச்சைக் கேக்காமத்தான் அடிபட்டேன்னு நம்பித்தான் அப்பா தங்கச்சிய உங்ககிட்ட விடச் சம்மதிச்சிருக்காங்க. உங்க தப்புன்னு தெரிஞ்சா அவ மட்டையத் தொட முடியாது." நான் ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். பதினைந்து வயசுப் பிள்ளை சொன்னதைக் காரணமாகப் பிடித்துக்கொண்டது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது! தங்கை மூன்று வருடம் என்னிடம் ஆடினாள், நல்ல பேட் போட்டுக்கொண்டு. அவள் ஆடி முடித்த பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம்தான். இப்போது கனியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கடிதம் எழுதிய பெண்ணே, உனக்கு: ஷின் பேட், பல்லுக்கு மவுத் கார்டு, கோல் கீப்பருக்கு ஹெல்மெட், இவை இல்லாத பிள்ளையை உள்ளே இறக்காதே. விசில் ஊதுவதற்கு முன்னால் ஒவ்வொரு காலையும் நீயே குனிந்து தொட்டுப் பார். போட்டோவை மேட்ச் முடிந்த பிறகு எடுக்கச் சொல், விருந்தினர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். ஸ்டிக்குகளைக் கட்டாகக் கட்டு. உன்னோடு இன்னொரு பெரிய ஆளைக் கூட்டிப்போ, ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருத்தர் மற்றவர்களோடு இருக்க வேண்டும். அடிபட்டுவிட்டால் பெற்றோரிடம் நடந்ததை முதலில் நீ சொல், அன்றைக்கே சொல், உன் தப்பு எதுவென்றும் சேர்த்துச் சொல். மறுநாள் அது இரண்டு மடங்கு கஷ்டம்.

கனிக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தார்கள், அவள் அப்பா தாத்தாவானார். என்னை ஒவ்வொரு தீபாவளிக்கும் வீட்டுக்குக் கூப்பிடுவார். பேரப்பிள்ளைகள் சேட்டை செய்தால் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு கதை சொல்வார். "ஒங்கம்மா ஏன் சாஞ்சு நடக்கா தெரியுமா? சின்ன வயசுல டீச்சர் பேச்சக் கேக்கல." சாகும் வரைக்கும் அந்தக் கதையைச் சொன்னார். கனி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். நான் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பேன்.