நேராக ஹைகோர்ட்டுக்குப் போனேன்

அறந்தாங்கிப் பக்கம் எங்கள் வயலுக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து வயல்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். வழக்குப் போட்டேன். முன்சீப் கோர்ட்டில் தோற்றேன். கோர்ட் வாசலிலேயே, "ஹைகோர்ட்டுல பாத்துக்கிறேன்" என்று எல்லோர் முன்னாலும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

சொன்ன வீம்பில் என் வக்கீலைக்கூடக் கேட்கவில்லை. அறுப்பு முடிந்ததும் ஹைகோர்ட் கிளை இருக்கும் மதுரைக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு வக்கீலம்மா தீர்ப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"இத நேரா இங்க போட முடியாதுங்க. மொத அப்பீல் ஒங்க சப் கோர்ட்லதான். அங்கயும் தோத்து, முக்கியமான சட்டக் கேள்வி இருந்தாத்தான் இங்க எடுப்பாங்க. அங்க போட ஒரு மாசந்தான் டைம். இந்த வாரத்தோட முடியுது."

அன்றே திரும்பி, மறுநாள் என் வக்கீல் மூலம் அப்பீல் போட்டேன். இப்போதெல்லாம் அடுத்து எந்தக் கோர்ட், எத்தனை நாளுக்குள் என்று வக்கீலிடம் கேட்காமல் கோர்ட் படி இறங்குவதில்லை.

சப் கோர்ட் வாசலில் வயல்காரர் சிரித்தார். "என்னம்மா, ஹைகோர்ட்டுன்னீங்க?"

"இங்கிட்டு நான் ஜெயிச்சா, மதுரைக்கு நீங்கதாண்ணே பஸ் ஏறணும்" என்றேன்.