இருபது வயது மூப்பர்

கம்பெனி பஸ் ஜூஜூவாடி பக்கம் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு காலையில்தான் அது தோன்றியது. செல்போனில் ஒரு மார்மன் இணைய இதழைப் படித்துக்கொண்டிருந்தேன். ஊழியத்துக்குப் போய்ப் பாதியிலேயே வீடு திரும்பிய இளைஞன் ஒருவன் தன் கதையை எழுதியிருந்தான். விமான நிலையத்தில் அம்மா அவனைக் கட்டிப்பிடிக்கும் முன் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாளாம். இது எங்கள் வீட்டுக் கதை. அண்ணனை நான் எழுத வேண்டும். நினைத்ததுமே பயமும் வந்துவிட்டது, இன்னும் போகவில்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த கிறிஸ்தவப் பிரிவு எங்களுடையது. ஓசூரில் எங்கள் மார்மன் சபை ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் கூடுகிறது. எங்கள் பையன்கள் இரண்டு வருடம் வேறு ஊரில் ஊழியம் செய்யப் போவார்கள். அந்த இரண்டு வருடமும் பேட்ஜில் பெயருக்கு முன்னால் ‘மூப்பர்’ என்று இருக்கும். அண்ணன் கிளம்பும்போது மத்தூர் மாமா அந்த பேட்ஜைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். அவர் வேறு சபை.

"எங்க சர்ச்சில மூப்பர்னா பல்லு கொட்டியிருக்கணும்டா. உனக்கு மீசையே சரியா மொளைக்கல."

சில மாதங்களில் அண்ணன் திரும்பி வந்துவிட்டான். நாலு பேர் முன்னால் பேச எழுந்தால் மூச்சு அடைத்தது. வீட்டுக்கு அனுப்பிவிடும்படி டாக்டர் சொல்லிவிட்டார். மாமா கேட்டது ஒன்றுதான்: "என்னாடா மூப்பரே, அதுக்குள்ள ரிட்டயர்டா?"

தமாஷுக்குத்தான் சொன்னார். அண்ணன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். அந்த மழைக்காலம் முழுக்க அவன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அம்மா கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு, உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்து நிற்பாள். அவள் நகர்ந்த பிறகு நான் நிற்பேன். எதற்காக நின்றோம் என்று இருவருமே வாய்விட்டுச் சொன்னதில்லை.

இப்போது அவன் தேறிவிட்டான். வேலைக்குப் போகிறான், காலையில் என்னை பைக்கில் பஸ் நிறுத்தத்தில் விடுகிறான். வருகிற ஞாயிறு ஆராதனையில், எல்லாருக்கும் பகிரும் அப்பத்தை ஆசீர்வதிக்கும் ஜெபத்தைச் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறான். எல்லார் முன்னாலும், சத்தமாக. திரும்பி வந்த பிறகு இதுதான் முதல் முறை.

இந்த நேரத்தில்தானா நான் கதை எழுத வேண்டும்? ஆனால் மார்மன் எழுத்து இப்போது எப்படி மாறிக்கொண்டிருக்கிறது தெரியுமா? முன்பெல்லாம் என் கைக்குக் கிடைத்தவை மாட்டுவண்டி கட்டி மலை தாண்டிய முன்னோர்களின் வீரக்கதைகள். இப்போது சந்தேகத்தை எழுதுகிறார்கள், விவாகரத்தை எழுதுகிறார்கள், நைஜீரியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் எழுதுகிறார்கள். எந்த மொழியிலும் அனுப்பலாம், கூடவே தோராயமாக ஓர் ஆங்கில வடிவம் போதும் என்று அந்த இதழ் அறிவித்திருந்தது. தமிழில் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுதினேன். அண்ணன் பெயர் வேண்டாம் என்று முழுக்க ‘மூப்பர்’ என்றே வைத்தேன். போனே மொழிபெயர்த்தது. முதல் பத்தி சரியாக இருந்தது, பஸ்ஸிலிருந்தே அனுப்பிவிட்டேன்.

பதில் நேற்று வந்தது. கதையை எடுத்துக்கொள்கிறார்களாம், இந்த வாரமே வெளியிடுவார்களாம். வீடு திரும்பும் அந்த முதியவரின் வெட்கம் ஆசிரியரை உலுக்கிவிட்டதாம். இவ்வளவு வயதானவரை அழைத்துவர அவருடைய பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

போன், மூப்பரைக் கிழவராக்கிவிட்டது. சமையலறையில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"என்னா, ஒரே சிரிப்பு?"

"ஒரு கதைணா. மூப்பர்ங்கறத கெழவன்னு மாத்திடுச்சு."

"மாமா எழுதுன கதையா?"

இரண்டு பேரும் சிரித்தோம். அவன்தான் முதலில் நிறுத்தினான்.

"எந்த மூப்பரு?"

"சும்மா, பொதுவா."

"அனுப்பு, படிக்கறன்."

"அது தமிழ்ல இருக்குணா."

"ஏன், எனக்குத் தமிழ் தெரியாதா?"

அரிசி கழுவ வேண்டும் என்று திரும்பிக்கொண்டேன். கழுவியதில் பாதி அரிசி தொட்டியில் போனது. அவன் தன் அறைக்குப் போனான். தாழ்ப்பாள் சத்தம் வருகிறதா என்று குழாயை மூடிவிட்டுக் கேட்டேன். வரவில்லை.

கிழவர் கிழவராகவே இருக்கட்டும் என்று விடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அது அண்ணன் பட்ட பாடு இல்லை, யாரோ ஒரு தாத்தாவின் பாடு. திருத்தினால் சபையில் எல்லாருக்கும் தெரியும், பாதியில் வந்தவன் அங்கே ஒருவன்தான். எங்கள் சபையை நடத்தும் கிளைத்தலைவரின் மனைவி, ‘மார்மன்’ என்று எந்த லிங்க் கண்டாலும் சபை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை அவன் ஜெபம் சொல்ல மண்டியிடும்போது முப்பது தலைகளும் அதையே நினைத்துக்கொண்டிருக்கும். அப்போது அவனுக்கு மூச்சு அடைத்தால்? திரும்ப அந்த அறைக்குள் போய்விட்டால்?

ஆசிரியருக்கு இன்னும் பதில் போடவில்லை. போனில் அண்ணனுக்கு அனுப்பவும் மாட்டேன். தனியாக உட்கார்ந்து அவன் அதைப் படிக்கக் கூடாது. நாளைக் காலை பஸ் நிறுத்தத்தில், கம்பெனி பஸ் வருவதற்குள், நானே வாசித்துக் காட்டப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால். வேண்டாம் என்று அவன் சொன்னால் கதை அங்கேயே நிற்கும். சரி என்றால், அந்த ஒரு சொல்லை ஆங்கிலத்தில் எப்படித் திருத்துவது என்றும் அவனிடமே கேட்பேன். பேட்ஜ் போட்டிருந்தவன் அவன்தானே.