ரஃபீக் பாய் பெயரில் அந்த விருது வேண்டாம்

ரஃபீக் பாய் இறந்த செய்தி, டாலஸ் பக்கத்தில் இருக்கும் எங்கள் காப்பெல் ஊர்த் தமிழர் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. யாரோ பழைய சோபா விற்பனைக்கு என்று படம் போட்டிருந்தார். அதற்குக் கீழே அந்தச் செய்தி. முந்தின நாள் காற்றில் சாய்ந்துவிட்ட கொல்லைப்புற வேலியை நிமிர்த்திக்கொண்டிருந்தவர், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்திருக்கிறார். மனைவி ஜுலைகா தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு. வயது ஐம்பத்தாறு.

நான் படித்துக்கொண்டிருக்கும்போதே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. 'மென்மையான மனிதர்.' 'யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாதவர்.' எழுதியவர்களில் பாதிப் பேர் பல வருடங்களாக அவரை வீட்டு விசேஷம் எதற்கும் கூப்பிடாதவர்கள். எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் கோபம் வந்தது. ரஃபீக் பாய் மென்மையானவர் இல்லை. நம் எல்லோரையும் முகத்துக்கு நேராகக் கடிந்து பேசியவர். அதற்காக நாம் அவரை என்ன செய்தோம் என்பதை, அவரை அறிந்த உங்களுக்குத்தான் எழுதுகிறேன். செய்தவர்களில் நானும் ஒருத்தி.

டாலஸில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பதினோரு வருடம் எனக்கு எதிர் இருக்கை அவருடையது. அவர் மேலப்பாளையம், நான் கரூர். என் வேலையில் பிழை இருந்தால் ஈமெயில் அனுப்ப மாட்டார். எழுந்து வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நிற்பார். "கல்பனா, இது தப்புன்னு உங்களுக்கே தெரியும். தெரிஞ்சும் ஏன் அனுப்புனீங்க?" என்பார். முதல் ஆறு மாதம் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை. பிறகு, எனக்குத் தெரிந்ததைத்தான் அவர் சொல்கிறார் என்று புரிந்தபோது, இன்னும் பிடிக்காமல் போனது. நட்பு அதற்கும் பிறகு வந்ததுதான்.

அவருடைய ஒரே மகள் ஆயிஷா பள்ளி முடித்த வருடம். கிழக்குக் கரையில், பெயரைச் சொன்னாலே நம் ஆட்கள் எழுந்து நிற்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. இங்கே நம் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹானர்ஸ் காலேஜிலும் கிடைத்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கென்று பெரிய பல்கலைக்கழகத்துக்குள்ளேயே தனியாக நடத்தும் சிறிய கல்லூரி அது. வகுப்பில் கொஞ்சம் பேர்தான். பேராசிரியரோடு சேர்ந்து ஆய்வு செய்யலாம். ஆயிஷாவுக்குப் படிப்புச் செலவு முழுவதையும் அவர்களே ஏற்பதாகச் சொன்னார்கள்.

ஊரில் உலவிய கதை, ரஃபீக் பாய் கஞ்சத்தனத்தால் மகளை இங்கேயே நிறுத்திவிட்டார் என்பது. நடந்தது நேர்மாறு. கிழக்குக் கரைப் பெயரில் அவர் மயங்கிப்போயிருந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் தொப்பியைப் போட்டுக்கொண்டு அலுவலகம் வந்தார். வீட்டை அடமானம் வைத்தாவது அனுப்புவேன் என்றார். ஆயிஷாதான் இரண்டு இடத்துக்கும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மாட்டேன் என்றாள். அங்கே ஒரு மணி நேரம் கட்டடங்களையும் சாப்பாட்டுக் கூடத்தையும் சுற்றிக் காட்டினார்களாம். இங்கே ஒரு பேராசிரியை அவளை ஆய்வகத்துக்குள் அழைத்துப்போய், நுண்ணோக்கியைத் திருப்பி வைத்து, "என்ன தெரியுது, சொல்லு" என்று கேட்டாராம்.

மூன்று நாள் அவர் மகளோடு பேசவில்லை. நான்காம் நாள் அலுவலகக் கேண்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். தலையில் தொப்பி இல்லை.

"என் பொண்ணு என்னைத் தோக்கடிச்சுட்டா, கல்பனா. வாப்பா, இது உங்க காலேஜா என் காலேஜான்னு ஒரே கேள்வி. ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன். என் காலேஜ்தான். நான்தான் அங்க போகணும்னு ஆசைப்பட்டிருக்கேன். அவ இல்ல."

இந்த உண்மை எனக்குத் தெரியும். நன்றாகத் தெரிந்திருந்தும், அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு பிறந்தநாள் விருந்தில் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பிரியாணித் தட்டோடு நின்றிருந்த ஒருவர், "பாய் பொண்ணை வெளியூர் அனுப்ப மாட்டேன்னுட்டாராமே. அவங்க வீட்ல அப்படித்தான், பொம்பளப் புள்ளைய வெளிய விட மாட்டாங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அதே விருந்தில் தங்கள் மகள்களைத் தனியாக ஒரு சினிமாவுக்குக் கூட அனுப்பாத மூன்று அப்பாக்கள் இருந்தார்கள். அவர்களும் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

பேச்சு அவர் காதுக்குப் போனது. திங்கட்கிழமை என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"என்ன சொன்னீங்க?"

நான் மேஜையிலிருந்த காகிதங்களை அடுக்கினேன். "சரி, சாப்பாடாவது நல்லா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

அந்த வருடம் பள்ளி முடித்த பிள்ளைகளைப் பாராட்டும் விழாவை நம் தமிழ் அமைப்பு நடத்தியது. உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். நான் அமைப்பின் செயலாளர். தொகுத்து வழங்கியதும் நான்தான். தலைவர் என் கையில் கொடுத்த பட்டியலில் இரண்டு பகுதிகள். பெரிய பெயருள்ள பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைக்க வேண்டும். திரையில் படம், பெற்றோருக்குச் சால்வை. இரண்டாம் பகுதிக்குத் தலைப்பு 'மற்ற மாணவர்கள்'. அவர்கள் மொத்தமாக மேடை ஏறி, ஒரு குழுப்படத்துக்கு நின்றுவிட்டு இறங்க வேண்டும். அந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஏதோ உறுத்தியது. உறுத்தியதைத் தள்ளி வைத்துவிட்டு நல்ல குரலில் வாசித்தேன்.

குழுப்படத்துக்குப் பிள்ளைகள் வரிசையாக நின்றபோது மூன்றாம் வரிசையிலிருந்து ரஃபீக் பாய் எழுந்து மேடைக்கு வந்தார்.

"கல்பனா, மைக்கைக் குடுங்க."

கொடுத்தேன். அந்த விழாவில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. அவர் வரிசையின் முதல் பிள்ளையிடம் போனார். "உன் பேரு என்னப்பா? என்ன படிக்கப் போற?" என்று கேட்டு, பதிலை அரங்கத்துக்குத் திருப்பிச் சொன்னார். அடுத்த பிள்ளை. அதற்கடுத்த பிள்ளை. முன்வரிசையிலிருந்து தலைவர் என்னைப் பார்த்துக் கையால் வெட்டுவதுபோல் காட்டினார். "டான்ஸ் ப்ரோக்ராம் லேட் ஆகுது, கட் பண்ணுங்க." யாரோ ஒலியை நிறுத்தினார்கள். ரஃபீக் பாய் மைக்கைத் தரையில் வைத்துவிட்டுத் தன் குரலிலேயே தொடர்ந்தார். கடைசியில் நின்ற பையன், குறைந்த செலவில் இரண்டு வருடப் படிப்புத் தரும் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜுக்குப் போகிறவன். தலையைக் குனிந்துகொண்டு, "நர்ஸிங், அங்கிள்" என்றான். "சத்தமாச் சொல்லு. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீதான் வந்து பாக்கணும்" என்றார். அரங்கத்தின் பின்பக்கத்தில் அந்தப் பையனின் அம்மா எழுந்து நின்று கை தட்டினாள். அவள் ஒருத்திதான் தட்டினாள்.

ஒரு வாரம் கழித்து, விழாவைக் குலைத்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அமைப்பு கடிதம் அனுப்பியது. செயலாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது. அவர் எழுதிய பதில் இவ்வளவுதான்: 'மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களின் வரிசையில் நான் கடைசியாக நிற்கிறேன். எனக்கு முன்னால் நிற்பவர்கள் கேட்டு முடித்ததும் சொல்லி அனுப்புங்கள்.' அதன் பிறகு அவரை யாரும் எதற்கும் அழைக்கவில்லை. அலுவலகத்தில் என்னோடு மட்டும் எப்போதும்போல் பேசினார். அது எனக்கு அடியாக விழுந்தது.

இரண்டு வருடம் கழித்து என் மகன் அரவிந்தின் முறை. அவனுக்கும் அதே போல இரண்டு இடத்திலிருந்து சேர்க்கைக் கடிதங்கள், ஒன்று பெரிய பெயர், இன்னொன்று இங்கே ஹானர்ஸ் காலேஜ். நானும் என் கணவரும் ஒரே மாலையில் முடிவு செய்துவிட்டோம், பெரிய பெயர்தான். ரஃபீக் பாயிடம் நான் சொல்லவே இல்லை. அவராக வந்து நின்றார்.

"அரவிந்த் என்ன சொல்றான்?"

"அவன் குழந்தை பாய். அவனுக்கு என்ன தெரியும்?"

"ஓட்டுப் போடற வயசு. இன்னுமா குழந்தை? ஒரே ஒரு தடவை கேளுங்க. அவன் அப்பா வீட்ல இல்லாதப்பக் கேளுங்க. கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

நான் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும் என்பதுதான் காரணம். அரவிந்துக்கு ஹானர்ஸ் காலேஜ்தான் வேண்டியிருந்தது. ஆயிஷா அங்கே ஆய்வு செய்ததைப் பற்றி அவளிடம் மணிக்கணக்காகப் போனில் பேசிக்கொண்டிருந்தான். ஆனால் எனக்குத் திரையில் அவன் படம் வேண்டியிருந்தது. கிடைத்தது. சால்வையும் கிடைத்தது.

இரண்டாம் வருடத்தின் நடுவில் என் கணவருக்கு வேலை போனது. அது தெரிந்த நாளிலிருந்து, எங்கள் செலவைக் குறைக்க, அரவிந்த் அங்கே ஒரு வேளை மட்டும் சாப்பிட்டிருக்கிறான். வகுப்புக்குப் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தியிருக்கிறான். எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. நாங்கள்தான் கேட்பவர்கள் இல்லையே. விடுமுறைக்கு வந்தவனை விமான நிலையத்தில் பார்த்தபோது வேறு யாரோ என்று நினைத்து நான் கடந்து போனேன். "அம்மா, ஐ காண்ட் கோ பேக்" என்றான்.

ரஃபீக் பாய் இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். அரவிந்தைக் காரில் ஏற்றிக்கொண்டு நம் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். ஹானர்ஸ் காலேஜில் நடுவில் சேர்க்க முடியாது என்றார்கள். சாதாரணப் பிரிவில் இடம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். மாலையில் எங்கள் வீட்டு வாசலில் அவனை இறக்கிவிட்டபோது நான் ஏதோ நன்றி சொல்ல ஆரம்பித்தேன். அவர் காரிலிருந்து இறங்கவில்லை.

"உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு, கல்பனா. பெரிய கோபம். அது அப்படியே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை ஹவுஸிங் ஃபார்ம் குடுக்கணும், கூட்டிட்டுப் போக நான் வர்றேன்."

இப்போது அரவிந்த் அங்கே கடைசி வருடம் படிக்கிறான். சாப்பிடுகிறான். சிரிக்கிறான். ரஃபீக் பாயின் உடல் வைத்த சந்தூக்கைத் தோள் கொடுத்துச் சுமந்தவர்களில் அவனும் ஒருவன்.

இனி விருது. அடக்கம் முடிந்த மறுநாளே குழுவில் அறிவிப்பு வந்தது. 'அமரர் ரஃபீக் நினைவு விருது. நாட்டின் தலைசிறந்த பல்கலைக்கழகத்தில் இடம்பெறும் நம் சமூக மாணவருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும்.' மூன்று முறை படித்தேன். இதை எழுதியவருக்கு வெட்கம் இல்லையா, அல்லது நினைவே இல்லையா என்று யோசித்தேன். இரண்டில் எது மோசம் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிடத்தில் ஆயிஷா போனில் கூப்பிட்டாள். ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். அழுது அழுது குரல் போயிருந்தது. "ஆன்ட்டி, ப்ளீஸ், டோன்ட் லெட் தெம் டூ திஸ். வாப்பா வுட் ஹேட் இட்" என்றாள்.

சனிக்கிழமை அஞ்சலிக் கூட்டத்தில் தலைவர் அந்த விருதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் நான் எழுந்தேன். ஆயிஷா எப்படித் தேர்ந்தெடுத்தாள், எந்த விருந்தில் யார் என்ன பேசினார்கள், கேட்டுக்கொண்டு நான் எப்படி நின்றேன், அந்தக் கடிதத்தில் யார் கையெழுத்து இருந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"மேடம், இது அஞ்சலிக் கூட்டம். கோபப்படற இடம் இல்ல" என்றார் தலைவர்.

"அவருக்கு வேற எப்படி அஞ்சலி செலுத்தறதுன்னு எனக்குத் தெரியல" என்றேன்.

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. யாரும் ஆதரித்தும் பேசவில்லை. நர்ஸிங் படித்த பையனின் அம்மா மட்டும் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். விருதைக் கைவிடுவதாக மறுநாள் ஒரு வரியில் அறிவித்தார்கள். செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுவதாக அன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ரஃபீக் பாயிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். ஒருவர் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அவர் வீட்டு வாசலுக்குப் போவதை நிறுத்தக் கூடாது. உங்களில் பலர் மேல் எனக்கு இப்போது கோபம் இருக்கிறது. இதைப் படித்த பிறகு உங்களுக்கும் என் மேல் இருக்கும். ஜுலைகா இத்தாவில் இருக்கிறார், கணவரை இழந்த பெண் துக்கம் காக்கும் காலம். நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வர மாட்டார். சாப்பாடு கொண்டுபோகப் பெண்கள் ஒரு பட்டியல் போட்டிருக்கிறோம். செவ்வாய்க்கிழமை என்னுடையது. புதன், வியாழன் இன்னும் காலியாக இருக்கின்றன. பெயர் எழுதுங்கள். என்னோடு பேச வேண்டாம், அங்கே வாருங்கள்.